சல்லடைக்கு மேலே ஒரு நூலுருண்டை

அம்மா மல்லி வறுக்கும்போது கடிகாரம் பார்த்து நான் கண்டதில்லை. வாணலியில் கிளறிக்கொண்டே இருப்பார். ஒரு கட்டத்தில் பச்சை வாசம் போய் வறுபட்ட வாசம் எழும். உடனே அடுப்பை அணைத்துவிடுவார். எங்கள் தாமானில் பத்துப் பன்னிரண்டு வீடுகளுக்கு அவர் அரைத்துக் கொடுக்கும் கறித்தூளுக்கு எழுதி வைத்த பக்குவம் எதுவும் கிடையாது. மூக்குதான் எல்லாம். 2021-இல் அவருக்குக் கோறனி நச்சில் தொற்றியது. காய்ச்சல் நான்கு நாளில் விட்டுவிட்டது. வாசம் மட்டும் திரும்பவில்லை. அந்த மாதம் இரண்டு முறை மல்லியைக் கருக்கினார். புகை கண்ணைக் கரித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

மூன்று மாதம் கழித்து வாசம் வந்தது. ஆனால் கோணலாக வந்தது. காலையில் பசியாற உட்கார்ந்தவர் கோப்பியை முகத்தருகே கொண்டுபோய்விட்டு அப்படியே தள்ளி வைத்தார். "என்னடா இது, டயர் எரிஞ்ச மாதிரி நாறுது?" வெங்காயம் வதக்கினாலும் அதே நாற்றம். பூண்டும் அப்படித்தான். எங்களுக்கெல்லாம் நன்றாகத்தான் மணத்தது. கிளினிக்கில் இருந்த இளம் டாக்டர், "நரம்பு திரும்ப முளைக்கணும் ஆண்ட்டி, கொஞ்சம் பொறுமையா இருங்க" என்று சொல்லி அனுப்பினார். திரும்பும் வழியில் காரில் அம்மா கேட்டார்: "நரம்பு என்ன செடியா தம்பி, முளைக்கிறதுக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மூளை நரம்பு செத்தால் செத்ததுதான் என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? பதிலைத் தேடிப் போனேன். போன இடத்தில் நூறு வருடத்துக்கும் மேற்பட்ட சண்டை ஒன்று கிடந்தது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மூக்கின் உட்கூரையில், இரண்டு கண்களுக்கும் நடுவே, அஞ்சல்தலை அளவில் ஒரு சவ்வு இருக்கிறது. வாசத்தை உணரும் செல்கள் அதில்தான் இருக்கின்றன. சவ்வுக்கு மேலே பொடிப்பொடி ஓட்டைகள் போட்ட மெல்லிய எலும்பு. அதைச் சல்லடை எலும்பு என்றே அழைக்கிறார்கள். அந்தச் சல்லடைக்கு மேலே, மூளையின் அடியில் ஒட்டிக்கொண்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறிய குமிழ்கள். முகர்குமிழ் என்று வைத்துக்கொள்வோம்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலன் இந்த எலும்பைப் பார்த்துவிட்டு, சல்லடை என்றால் எதையாவது சலிக்கத்தானே இருக்கும் என்று நினைத்தார். வாசம் மூக்கில் உணரப்படுவதில்லை, காற்று அந்த ஓட்டைகள் வழியாக மேலேறி மூளையின் உள்ளறைகளுக்கே போகிறது, அங்கேதான் மணக்கிறது என்றார். எதிர்த்திசையில் மூளையின் கழிவு அதே ஓட்டைகள் வழியாகக் கீழே இறங்குகிறது, அதுதான் சளி! சளி பிடித்தால் மூளை ஒழுகுகிறது என்று ஐரோப்பா ஆயிரத்து நானூறு வருடம் நம்பியது. சிரிக்க வேண்டாம். அவர் கையில் இருந்தது ஒரு எலும்பும் அதன் ஓட்டைகளும் மட்டும்தான். 1660-களில் விட்டன்பர்க் பேராசிரியர் கொன்ராட் விக்டர் ஷ்னைடர், சளி மூக்கின் சவ்விலேயேதான் ஊறுகிறது, எலும்பின் ஓட்டைகளை நரம்பிழைகள் அடைத்துக்கொண்டு நிற்கின்றன, எதுவும் ஒழுக வழியில்லை என்று நிரூபித்தார். காலனின் குழாய் அத்தோடு மூடப்பட்டது.

சரி, ஓட்டை வழியாகப் போவது நரம்பு. அந்த நரம்பு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது? 1856-இல் ஜெர்மானியர் மாக்ஸ் ஷூல்ட்சே மூக்குச் சவ்வை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, தடித்த தாங்கு செல்களுக்கு நடுவே ஒல்லியாக வேறொரு வகைச் செல் இருப்பதைக் கண்டார். அதன் ஒரு முனை காற்றைப் பார்த்து நிற்கிறது. மறுமுனையிலிருந்து சிலந்தி இழையைவிட மெல்லிய வால் ஒன்று கீழே போகிறது. இதுதான் வாசத்தின் நரம்புச் செல் என்று அவர் ஊகித்தார். ஊகம் சரிதான். ஆனால் அந்த வாலைப் பிடித்துக்கொண்டே எலும்பைத் தாண்டி மூளை வரைக்கும் போக அன்றைக்கு யாராலும் முடியவில்லை. அந்தக் காலத்துச் சாயங்களில் நரம்புத் திசு சோற்றுக்கஞ்சி மாதிரி தெரியும். ஒன்றோடொன்று கலந்து, எது எங்கே தொடங்குகிறது என்றே சொல்ல முடியாது.

கஞ்சியைத் தெளிய வைத்தவர் கமில்லோ கொல்ஜி. மிலானுக்கு அருகே அப்பியாத்தெக்ராஸ்ஸோ என்ற சிற்றூரில், குணமாகாத நோயாளிகளை வைத்திருக்கும் ஒரு விடுதிக்குத் தலைமை மருத்துவராகப் போனார். சம்பளத்துக்காக ஒப்புக்கொண்ட வேலை அது. ஆய்வுக்கூடம் என்று எதுவும் இல்லை. விடுதியின் சமையலறையில் ஒரு நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு வேலை செய்தார். 1873-இல் மூளைத் துண்டு ஒன்றைப் பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறவைத்துக் கெட்டியாக்கி, பிறகு சில்வர் நைட்ரேட்டில் போட்டார். மஞ்சள் பின்னணியில் சில செல்கள் மட்டும் கன்னங்கரேலென்று, நுனி வரைக்கும் எழுந்து நின்றன. 'கருப்பு வினை' என்று அதற்குப் பெயர் வைத்தார். இதில் விசேஷமே 'சில' என்பதில்தான் இருக்கிறது. நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ செல்தான் சாயம் ஏற்கும். எல்லாம் ஏற்றிருந்தால் சில்லு முழுக்க ஒரே கருப்பாகப் போயிருக்கும். அடர்ந்த காட்டில் இரண்டே மரத்துக்கு மட்டும் கருப்பு அடித்துவிட்டு, வேரிலிருந்து கொழுந்து வரை பார்த்துக்கொள் என்று விட்டது போல.

அந்த வினையை வைத்து அவர் விரிவாக வரைந்த முதல் பகுதிகளில் ஒன்று முகர்குமிழ். 1875-இல் வெளிவந்த, நாயின் முகர்குமிழைக் காட்டும் அந்தப் படம் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாலும் எனக்கு வருத்தமில்லை. படத்தின் ஓரத்தில் உருண்டை உருண்டையாக, நூல் சுற்றிய கண்டு மாதிரி ஒரு வரிசை இருக்கும். அவற்றுக்குப் பெயர் குளோமெருலஸ். லத்தீனில் குட்டி நூலுருண்டை என்று பொருள். மூக்கிலிருந்து எலும்பைத் தாண்டி வரும் இழைகள் எல்லாம் இந்த உருண்டைகளுக்குள் போகின்றன. குமிழின் உள்ளே இருக்கும் பெரிய செல்கள் (பிஷப்பின் தொப்பி போல இருப்பதால் அவற்றுக்கு மைட்ரல் செல் என்று பெயர்) கிளை நீட்டி அதே உருண்டைகளுக்குள் நுழைகின்றன. மூக்கும் மூளையும் கைகுலுக்கும் இடம் இதுதான்.

அந்தக் கைகுலுக்கல் எப்படிப்பட்டது என்பதில்தான் சண்டை. கொல்ஜிக்கு அது ஒரே வலை. நரம்பு மண்டலம் முழுவதும் தொடர்ச்சியாகப் பின்னப்பட்ட ஒரு வலை என்றும், தனித்தனிச் செல் என்று பிரித்துப் பார்ப்பதில் பொருளில்லை என்றும் அவர் நம்பினார். செல்லிலிருந்து மரக்கிளை போல விரியும் டெண்ட்ரைட்டுகள் வெறும் வேர்கள், உணவு உறிஞ்சத்தான் இருக்கின்றன, சேதி கடத்துவதெல்லாம் ஆக்சான் என்ற நீண்ட இழையின் வேலை என்றார்.

எதிர்க்கட்சிக்காரர் ஸ்பெயின்காரர் சாந்தியாகோ ரமோன் இ கஹால். ஓவியனாக வேண்டும் என்று அலைந்தவரை அப்பா மருத்துவத்துக்குள் தள்ளிவிட்டார். 1887-இல் மாட்ரிட்டில் லூயிஸ் சிமார்ரோ என்ற மருத்துவரின் வீட்டில் கொல்ஜி முறையில் சாயமேற்றிய ஒரு சில்லைப் பார்த்தார். கொல்ஜியின் கண்டுபிடிப்புக்குப் பதினான்கு வருடம் ஆகியிருந்தது! அதுவரை ஐரோப்பாவில் அதைப் பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. கஹால் பித்துப் பிடித்தவராக ஊர் திரும்பினார். சாயத்தை இரண்டு முறை ஏற்றினார். வளர்ந்த மிருகங்களை விட்டுவிட்டுக் கருவையும் குட்டியையும் எடுத்தார். அவற்றின் நரம்பிழைகளில் கொழுப்புறை இன்னும் படிந்திருக்காது, சாயம் நன்றாக ஏறும். ஸ்பானிய மொழியில் எழுதினால் உலகத்தில் யார் படிப்பார்கள்? சொந்தக் காசில் ஒரு பத்திரிகை அச்சடித்தார். 1888-இல் முதல் இதழ், அறுபதே பிரதிகள். பெரும்பாலானவற்றை வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்குத் தபாலில் அனுப்பினார். அப்படியும் பதில் வராததால், 1889-இல் நுண்ணோக்கியையும் சில்லுகளையும் தூக்கிக்கொண்டு பெர்லினில் நடந்த உடற்கூறியல் மாநாட்டுக்கே போய்விட்டார். உடைந்த பிரெஞ்சில் பேசி ஒவ்வொருவரையும் இழுத்துவந்து பார்க்க வைத்தார். அன்றைய துறையின் பெரியவர் ஆல்பர்ட் கோலிகர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது கஹாலின் பக்கம் சாய்ந்திருந்தார். சிற்றிதழ் நடத்துகிற நம் நண்பர்களுக்கு இந்த அறுபது பிரதிக் கதையை அடிக்கடி சொல்வதுண்டு. யாரும் சிரிப்பதில்லை.

1890-இல் கஹால் முகர்குமிழுக்கு வந்தார். நூலுருண்டைக்குள் அவர் பார்த்தது இது: மூக்கிலிருந்து வரும் இழை உள்ளே போய்க் கிளைத்து, அங்கேயே நின்றுவிடுகிறது. மைட்ரல் செல்லின் டெண்ட்ரைட்டும் உள்ளே வந்து குஞ்சம் போல விரிந்து, அதுவும் அங்கேயே நின்றுவிடுகிறது. இரண்டும் நெருங்குகின்றன, இணைவதில்லை. இதில் ஓர் அருமையான தர்க்கம் ஒளிந்திருக்கிறது. மூக்கின் இழை உருண்டையைத் தாண்டி ஒரு அடி கூட உள்ளே போவதில்லை. உருண்டைக்குள் அதைச் சந்திக்க வருவது மைட்ரல் செல்லின் டெண்ட்ரைட். டெண்ட்ரைட் வெறும் சாப்பாட்டு வேர் என்றால், ரோஜாவின் வாசம் மூளைக்குப் போக வழியே இல்லை! ஆகவே டெண்ட்ரைட் சேதி கடத்தத்தான் வேண்டும். வேறு நுண்ணிழைகளும் உருண்டைக்குள் வந்து பின்னிக்கொள்கின்றன என்பது கொல்ஜி தரப்பு. கஹால் விடவில்லை. சேதி டெண்ட்ரைட் வழியாக உள்ளே வந்து ஆக்சான் வழியாக வெளியேறும், போக்கு ஒருவழிதான் என்ற விதியை 1891-இல் அவர் முன்வைத்தபோது, கண்ணின் விழித்திரையோடு சேர்த்து இந்த நூலுருண்டையைத்தான் சாட்சிக்கு அழைத்தார். அதே ஆண்டு வால்டேயர் என்ற ஜெர்மானியர் தனித்து நிற்கும் நரம்புச் செல்லுக்கு 'நியூரான்' என்று பெயர் சூட்டினார்.

1906-இல் மருத்துவ நோபல் பரிசை இருவருக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். ஒருவரது கருவியால் மற்றவர் எதிர்முடிவுக்கு வந்திருக்கிறார். இருவரும் ஒரே மேடையில். கொல்ஜி தன் ஏற்புரையையே நியூரான் கொள்கைக்கு எதிரான வாதமாக ஆக்கிக்கொண்டார். அந்தக் கொள்கை மங்கிக்கொண்டு வருகிறது என்று சொன்னார். அடுத்த நாள் பேசிய கஹால் தன் படங்களை விரித்தார். கொல்ஜியைப் பிடிவாதக்காரக் கிழவர் என்று எழுதிவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது ஒப்பவில்லை. மூளையில் தனித்தனிப் பெட்டிகள் கிடையாது, அது ஒன்றாக வேலை செய்கிறது என்ற எண்ணத்தை அவர் விட மறுத்தார். படம் தப்பு. எண்ணத்தில் கொஞ்சம் சத்து இருந்தது. நியூரானுக்கும் நியூரானுக்கும் நடுவே மெய்யாகவே இடைவெளி இருக்கிறது என்பதை 1950-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்துதான் கண்ணால் காட்டியது. அதற்குள் கொல்ஜி இறந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

இதற்கு ஒரு வேடிக்கையான பின்குறிப்பு உண்டு. 1966-இல் அமெரிக்காவில் வில்ஃப்ரிட் ரால், கோர்டன் ஷெப்பர்ட் இருவரும் முகர்குமிழின் மின்னோட்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, டெண்ட்ரைட்டும் டெண்ட்ரைட்டும் நேரடியாக, இரண்டு திசையிலும் பேசிக்கொண்டால்தான் கணக்கு நேராகிறது என்று கண்டார்கள். அதே சமயம் தாமஸ் ரீஸ், மில்டன் பிரைட்மன் என்ற இருவர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அப்படிப்பட்ட இணைப்புகளைப் பார்த்துவிட்டிருந்தார்கள். ஒருவழிப்பாதை என்ற கஹாலின் விதிக்குச் சாட்சி சொன்ன அதே குமிழ், எழுபத்தைந்து வருடம் கழித்து எதிர்ச்சாட்சியும் சொன்னது.

கதையின் இன்னொரு கிளை கொஞ்சம் கசப்பானது. ஷூல்ட்சே கண்ட அந்த ஒல்லிச் செல்தான் நரம்புச் செல், அதன் வால்தான் நேரே குமிழுக்குப் போகிறது என்பது கருப்பு வினையால் 1890 வாக்கில் உறுதியாகிவிட்டது. இதன் பொருளை யோசியுங்கள். தோலில் தொடு உணர்வுக்கான நரம்புச் செல்லின் உடல் முதுகெலும்பின் பக்கத்தில் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். கண்ணின் செல் கண்ணாடிக் கதவு போட்ட அறைக்குள் இருக்கும். மூக்கில் மட்டும் நரம்புச் செல் நேராக வெளிக்காற்றில் தலை நீட்டுகிறது. அதன் வால் மூளைக்குள் இருக்கிறது. காற்றுக்கும் மூளைக்கும் நடுவே ஒரே ஒரு செல்.

இந்த ஒற்றைச் செல் பாதை மருத்துவர்களைப் பயமுறுத்தியது. 1930-களில் இளம்பிள்ளைவாதம் வட அமெரிக்காவில் குழந்தைகளை முடக்கிக்கொண்டிருந்தது. ஆய்வுக்கூடத்துக் குரங்குகளுக்கு மூக்கில் வைரஸை விட்டால் அது முகர் நரம்பைப் பிடித்து மூளைக்குள் ஏறியது. மனிதருக்கும் இதே வழிதான் என்று முடிவு கட்டினார்கள். வழியை அடைத்துவிட்டால்? துத்தநாக சல்பேட் கரைசலை மூக்கில் பீய்ச்சிய குரங்குகளுக்கு நோய் தொற்றவில்லை. 1937-இல் டொரோண்டோவில் நோய் பரவியபோது ஏறத்தாழ 5,000 குழந்தைகளின் மூக்குக் கூரையில் அந்தக் கரைசலைப் பீய்ச்சினார்கள். எந்தப் பயனும் இல்லை. இளம்பிள்ளைவாத வைரஸ் மனிதருக்குள் வாய் வழியாகப் போய்க் குடலில்தான் பெருகுகிறது. குரங்கு ஆய்வு காட்டியது ஆய்வுக்கூடத்தில் பழக்கப்பட்ட வைரஸின் குணத்தை மட்டும்தான். அந்தக் குழந்தைகள் பலருக்கு வாசம் போனது. பெரும்பாலோருக்குத் திரும்பி வந்தது. சிலருக்கு வரவேயில்லை.

திரும்பி வந்தது என்பதை அன்றைக்கு யாராவது உற்றுக் கவனித்திருக்கலாம். நரம்பு செத்திருந்தால் வாசம் எப்படித் திரும்பும்? 1970-களில்தான் இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை கிடைத்தது. ஃப்ளோரிடாவில் வேலை செய்த இத்தாலியர் பாஸ்குவாலே கிராட்சியாடெய், மூக்குச் சவ்வின் அடியில் ஊற்றுச் செல்கள் இருக்கின்றன, அவை வாழ்நாள் முழுக்கப் புதுப்புது நரம்புச் செல்களைப் பெற்றுக்கொண்டே இருக்கின்றன என்று காட்டினார். பழைய செல் சில வாரங்களிலோ மாதங்களிலோ இறக்கும். புதியது பிறந்து, வால் நீட்டி, சல்லடை ஓட்டையைக் கண்டுபிடித்து, மேலே ஏறி, குமிழில் ஒரு நூலுருண்டைக்குள் போய்ச் சேரும். ஆக அந்த டாக்டர் சொன்னது உவமையில்லை. நரம்பு முளைக்கத்தான் செய்கிறது. அம்மாவிடம் சொன்னேன். "அப்ப செடிதான்" என்றார்.

ஆனால் இதிலிருந்து இன்னும் பெரிய கேள்வி ஒன்று கிளம்புகிறது. 1949-இல் ஆலிசன், வார்விக் என்ற இருவர் முயலின் மூக்கை உட்கார்ந்து எண்ணியிருந்தார்கள் (எண்ணுவதற்கு என்ன பொறுமை வேண்டியிருந்திருக்கும்!). ஒரு பக்கத்தில் சுமார் 5 கோடி நரம்புச் செல்கள். நூலுருண்டைகளோ சுமார் 1,900. அதாவது ஒவ்வோர் உருண்டைக்குள்ளும் சராசரியாக 26,000 இழைகள் வந்து முடிகின்றன. புதிதாக முளைத்த ஒரு இழைக்கு, இத்தனை உருண்டைகளில் தன்னுடையது எது என்று எப்படித் தெரியும்? அதற்கென்று ஓர் உருண்டை உண்டா, கிடைத்ததில் ஒண்டிக்கொள்கிறதா?

இதற்குக் கதவு திறந்தது 1991-இல். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஆக்செலின் ஆய்வுக்கூடத்தில் இருந்த லிண்டா பக், வாசத்தைப் பிடிக்கும் புரதங்களின் மரபணுக்களைப் பல வருடம் தேடிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் வழுக்கிய இடத்தில் மூன்று அனுமானங்களை ஒன்றாகக் கட்டினார். வாசங்கள் பல விதம் என்பதால் மரபணுக்களும் பல இருக்க வேண்டும். ஆனால் ஒரே குடும்பச் சாயல் இருக்க வேண்டும். மூக்குச் சவ்வில் மட்டுமே அவை இயங்க வேண்டும். வலை விரித்தார், எலியின் மூக்கிலிருந்து பதினெட்டு மரபணுக்கள் ஒன்றாக வந்து விழுந்தன. குடும்பம் இன்னும் மிகப் பெரியது என்று பிறகு தெரிந்தது. எலி, சுண்டெலிகளில் ஆயிரம் வாக்கில். மனிதரில் வேலை செய்பவை ஏறத்தாழ 400. ஒரு நரம்புச் செல் இந்தக் குடும்பத்தில் ஒன்றே ஒன்றைத்தான் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. 2004-இல் இருவருக்கும் நோபல்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1996, அதே ஆக்செலின் ஆய்வுக்கூடம், பீட்டர் மோம்பர்ட்ஸ். சுண்டெலியின் P2 என்ற ஒரு வாச மரபணுவின் வாலில் இன்னொரு மரபணுவைத் தைத்துவிட்டார். P2-ஐத் தேர்ந்த செல்கள் மட்டும், ஒரு குறிப்பிட்ட மருந்தை ஊற்றினால், இழையின் நுனி வரைக்கும் நீலமாகும். மூக்குச் சவ்வில் நீலப் புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன. ஒழுங்கே இல்லை. ஆனால் ஒவ்வொன்றிலிருந்தும் நீல இழை ஒன்று கிளம்பி, ஆயிரக்கணக்கான இழைகள் எலும்பைத் தாண்டி, குமிழின் உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டே இரண்டு உருண்டைகளில் வந்து குவிந்தன. வேறு சுண்டெலியை எடுத்துப் பார்த்தாலும் கிட்டத்தட்ட அதே இடம். கொல்ஜி கருப்பில் வரைந்த உருண்டை, நூற்று இருபது வருடம் கழித்து நீலத்தில், முகவரியோடு. ஒரு உருண்டை, ஒரு வாச மரபணு. எந்த உருண்டைகள் விழித்திருக்கின்றன என்று பார்த்துத்தான் மூளை இது மல்லி, இது மண்ணெண்ணெய் என்று அறிகிறது.

முகவரியை எழுதியது யார்? 1998-இல் P2-ஐ எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொரு வாச மரபணுவை வைத்துப் பார்த்தார்கள். இழைகள் பழைய உருண்டைக்குப் போகாமல் வேறு இடத்துக்குப் போயின. ஆக மூக்கில் வாசத்தைப் பிடிக்கும் அதே புரதத்துக்கு இழையை வழிநடத்துவதிலும் பங்கு இருக்கிறது. 2006-இல் தோக்கியோவில் ஹிட்டோஷி சகானோவின் குழு இன்னும் உள்ளே போனது. அந்தப் புரதம் செல்லுக்குள் எழுப்பும் ரசாயன சைகையின் அளவைப் பொறுத்து இழை குமிழின் முன்பக்கம் போகிறது அல்லது பின்பக்கம் போகிறது. அக்கம்பக்கம் வந்ததும் ஒரே வகை இழைகள் ஒன்றையொன்று அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்கின்றன. மனிதர் விஷயம் இவ்வளவு சுத்தமாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நமக்கு வாச மரபணு குறைவு, உருண்டைகளோ ஒரு குமிழில் ஆயிரக்கணக்கில். மரபணுவுக்கு இரண்டு என்ற சுண்டெலிக் கணக்கு நம்மிடம் செல்லாது.

நூலுருண்டை முதுகெலும்பிகளின் தனிச்சொத்தும் இல்லை. பழ ஈயின் மூளையிலும் உண்டு. ஆக்செல், பக் இருவருக்கும் வெகு முன்பே, 1970-களின் கடைசியில், பம்பாய் டாடா ஆய்வு நிறுவனத்தில் ஒபைத் சித்திகியும் அவரது மாணவி வெரோனிகா ரோட்ரிகஸும் வாசம் தெரியாத ஈக்களை வளர்த்து அவற்றின் மரபணுக்களை ஆராய்ந்தார்கள். கென்யாவில் கோவா குடும்பத்தில் பிறந்தவர் ரோட்ரிகஸ். வெவ்வேறு வாசங்களுக்கு ஈயின் மூளையில் வெவ்வேறு உருண்டைகள் விழிக்கின்றன என்று 1988-இல் காட்டினார். நோபல் கதைகளில் இந்தப் பெயர்கள் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை. வந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

மறுபடி கோப்பிக்கு வருகிறேன். கோறனி நச்சில் வாச நரம்புச் செல்லைத் தாக்குவதில்லை என்று 2020-இலேயே தெரிந்துவிட்டது. வைரஸ் பிடித்துக்கொள்ளும் கொக்கி அந்தச் செல்லில் இல்லை. ஷூல்ட்சே பார்த்த, பக்கத்தில் நிற்கும் தாங்கு செல்களில்தான் இருக்கிறது. தூண் சரிந்தால் வீடும் ஆட்டம் காணும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தூண்கள் மறுபடி எழுந்துவிடுகின்றன. சேதம் ஆழமாகப் போனவர்களுக்கு நரம்புச் செல்லே புதிதாக முளைத்து, எலும்பைத் தாண்டி, வீடு தேட வேண்டியிருக்கிறது. இங்கேதான் கோணல். 2000-இல் ரிச்சர்ட் கொஸ்டான்சோ என்ற அமெரிக்கர், மோம்பர்ட்ஸின் நீலச் சுண்டெலிகளில் முகர் நரம்பை வெட்டிவிட்டுக் காத்திருந்தார். நரம்பு முளைத்தது. நீல இழைகள் குமிழுக்கும் வந்தன. ஆனால் பழைய இரண்டு உருண்டைகளில் குவியாமல் பல உருண்டைகளில் சிதறிப்போய் நுழைந்தன. அஞ்சல்காரர் மாறிவிட்ட தாமான் மாதிரி. கடிதம் வரும், வீடு மாறி வரும்.

அம்மாவின் கோப்பிக்கும் இதுதான் காரணமா என்றால், வலுவாகப் பேசப்படும் விளக்கங்களில் இது ஒன்று. பாதிச் செல்களே திரும்பியிருப்பதால் வாசத்தின் படம் அரைகுறையாக மூளைக்குப் போகிறது என்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். கோப்பி ஏன் மாட்டிக்கொண்டது என்பதற்கு மட்டும் ஒரு துப்புக் கிடைத்திருக்கிறது. வறுத்த கோப்பியின் மணத்தில் கந்தகம் கலந்த ஒரு மூலக்கூறு உண்டு. மிகமிகக் குறைந்த அளவிலேயே மூக்கை எட்டிவிடும். வாசம் கோணிப்போனவர்களில் பெரும்பாலோருக்கு அருவருப்பை மூட்டுவதில் அதுவே முன்னணியில் இருக்கிறது என்று 2022-இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று காட்டியது. வெங்காயத்திலும் பூண்டிலும் கூட மணப்பது கந்தகச் சேர்மங்கள்தான். இதைப் படித்த அன்று அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். கோப்பியும் வெங்காயமும் ஒரே மாதிரி நாறுவது அவரது மனப்பிரமை இல்லை என்று. இடைப்பட்ட மாதங்களில் உறவுக்காரர்கள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "வயசானா அப்படித்தான் அண்ணி" என்று ஒரு அத்தை. அம்மா கறித்தூள் அரைப்பதையே நிறுத்தியிருந்தார். யாராவது கேட்டால் மிஷின் ரிப்பேர் என்பார்.

2009-இல் ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் தாமஸ் ஹும்மல் குழு சொன்ன ஒரு பயிற்சி இருக்கிறது. ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு. நான்கையும் தினம் இரண்டு வேளை, பன்னிரண்டு வாரம், ஒவ்வொன்றாக முகர வேண்டும். எல்லாருக்கும் பலிப்பதில்லை, பயிற்சி செய்தவர்களுக்குச் செய்யாதவர்களைவிட ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. நாங்கள் நான்கு பழைய ஊறுகாய் போத்தல்களை எடுத்துக்கொண்டோம். கிராம்பு சமையலறையில் இருந்தது, எலுமிச்சைத் தோல் இருந்தது, யூகலிப்டஸ் தைலம் மருந்துக்கடையில் கிடைத்தது. ரோஜாவுக்கு அம்மா பண்டோங் கலக்கும் ரோஸ் சிரப்பை ஊற்றினார். அது ரோஜாவே இல்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "எனக்குத் தெரிஞ்ச ரோஜா வாசம் இதுதான்" என்று சொல்லிவிட்டார்.

ஏழெட்டு மாதத்தில் கிராம்பு முதலில் நேரானது. பிறகு எலுமிச்சை. வெங்காயம் வருவதற்கு ஒரு வருடத்துக்கும் மேல் பிடித்தது. கோப்பி இன்றைக்கும் சரியாகவில்லை, தேத்தண்ணிக்கு மாறிவிட்டார். போன தீபாவளிக்கு முந்தின வாரம் மறுபடி மல்லி வறுத்தார். அடுப்புப் பக்கத்தில் என்னை நிற்க வைத்துக்கொண்டார். "உனக்கு வாசம் வந்ததும் சொல்லு, நானும் சொல்றேன், ரெண்டும் ஒண்ணா வருதான்னு பாப்போம்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் அடுப்பை அணைத்திருந்தார். அந்தத் தடவை மல்லி கொஞ்சம் பச்சையாகத்தான் இருந்தது. இருவரும் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. அடுத்த வாணலியைக் கூட அரை நிமிடம் விட்டார்.